தராசுக்காகச் சமைத்த கோழி

சில வருஷங்களுக்கு முன், மற்றவர் வீட்டுச் சோற்றுப் பானைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை நான். அப்படிப்பட்டவளுக்கு மூக்கை நுழைப்பதே உத்தியோகமாக வந்து சேர்ந்தது. விடிந்ததும் ஒரு வீட்டுக்குப் போவேன். குசினி மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். சமைக்கிற ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுப்பேன். யாருடைய தட்டில் எவ்வளவு விழுந்தது, யார் எவ்வளவு மிச்சம் விட்டார் என்று இரவுச் சாப்பாடு முடியும் வரை பார்த்துப் பதிவேன். ஆய்வுக்காரர்கள் இதற்கு நீளமான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். என் கணவர் வைத்த பெயர் சோத்துப் பொலிஸ்.

நாடு நெருக்கடியில் விழுந்து, சாமான் விலை எல்லாம் தலைகால் தெரியாமல் ஏறிய பிறகு தொடங்கிய ஆய்வு அது. வட கொழும்பின் மாடி வீடுகளில் இருக்கிற குடும்பங்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும், உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து, அறிக்கை எழுதி, அலுமாரியில் அடுக்கிவிட்டுப் போகிற வேலையும் இல்லை. சாப்பாடு போதாத வீடு என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கு மாதாமாதம் ஓர் உணவுப் பொதி போகும். பருப்பு, முட்டை, பால்மா, கடலை, நெத்தலி என்று கனமான பொதி. கர்ப்பிணி இருக்கிற வீடென்றால் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை போகும்.

ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் கண்டிப்பான மனுஷி. ஒரு வீட்டைப் பார்த்துப் பாவம் என்று நினைத்து ஒருவரையும் சேர்க்கக் கூடாது, தராசு சொன்னால்தான் சேர்க்கலாம் என்பது அவருடைய சட்டம். பாவம் பார்க்கத் தொடங்கினால் நன்றாக அழத் தெரிந்தவர்களுக்குத்தான் பொதி போகும், அழ வெட்கப்படுகிறவர்கள் பட்டினியாகவே இருப்பார்கள் என்பார். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து வேகமாகச் சொல்லிவிட்டு, விளங்கியதா என்று புருவத்தால் கேட்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் பிறகு அவரோடு சண்டை பிடிப்பதும் கஷ்டமாக இருந்தது.

நான் வெள்ளவத்தை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில், ரயில் போனால் கண்ணாடிக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று கதைக்கிற ஒரு பிளாட்டில் இருக்கிறோம். அங்கிருந்து ஆய்வு நடந்த கொட்டாஞ்சேனை தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்தில் பாதிப் பேருக்கு அது வேறு தேசம். கலியாணத்துக்கு நகை எடுக்க அதற்குப் பக்கத்திலுள்ள செட்டியார் தெரு வரை போவார்கள், எடுத்த கையோடு த்ரீவீலில் ஏறித் திரும்பிவிடுவார்கள். நானும் இந்த வேலை கிடைக்கும் வரை அந்த ரகம்தான்.

எனக்கு நிறுக்கக் கிடைத்தது அங்கே பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி. நீளமான ஒரு நடை, இரண்டு பக்கமும் கதவுகள், நடுவில் ஒரு பொதுக் குழாய். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். வாசலுக்கு வாசல் மாதா படமும் அதற்கு மேலே சிவப்புக் குட்டி பல்பும் இருக்கும். ஆண்களில் சிலர் துறைமுகத்தில், சிலர் ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்டுகளில் நாட்கூலி. முதல் நாளே என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் நான் ஆமாம் என்பதற்கு ஓம், ஓம் என்று சொல்ல, மிஸ் மந்திரம் சொல்றாங்க என்று ஒரு பெண் மற்றவளின் காதில் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

அந்த நடைக்கு ஒரு மேயர் இருந்தார். யாரும் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே பதவி ஏற்றுக்கொண்டவர். கழுத்தில் அளவு நாடா தொங்க, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பிளவுஸ் தைக்கிற, வாட்டசாட்டமான பெண். குழாயில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது, யாருடைய பிள்ளை யாரைக் கடித்தது, எல்லாவற்றுக்கும் தீர்ப்பு அவரிடம்தான். குண்டூசிகளை வெளியே எடுக்காமலே தீர்ப்பு சொல்வார். நான் அவருக்கு மனதுக்குள் மேயர் என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அது அந்த நடைக்கே வந்த விருந்தாளி. கதிரை ஒரு வீட்டிலிருந்து வரும், கண்ணாடிக் கிளாஸ் இன்னொரு வீட்டிலிருந்து வரும், பூப்போட்ட ட்ரே மேயர் வீட்டிலிருந்து வரும். முதல் நாள் நான் உட்கார்ந்த கதிரையும் அடுத்த வீட்டில் உட்கார்ந்த கதிரையும் ஒன்றுதான் என்று கண்டபோது எனக்கு அது அழகாக இருந்தது. கதிரையோடு அது நின்றுவிடும் என்று ஏன் நினைத்தேனோ தெரியாது.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. நிறுக்கிற வீட்டில் ஒரு வாய் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடக்கூடாது. நான் ஒரு துண்டு கோழியைச் சாப்பிட்டால் அந்த வீட்டில் ஒருவருக்கு ஒரு துண்டு குறையும், கணக்குக் குழம்பும். படித்தபோது மிகச் சுலபமான விதியாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு குசினிக்குள் உட்கார்ந்து, கறுவாவும் ரம்பை இலையும் போட்டுக் கோழி கொதிக்கிற வாசத்தில் காலையிலிருந்து இருந்து பார்த்தால்தான் அதன் கொடுமை தெரியும். மத்தியானம் மாடிப்படித் திருப்பத்துக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன காய்ந்த பிட்டைச் சாப்பிடுவேன். மேயருக்கு அது பெரிய அவமானம்.

"ஒரு வாய் சாப்பிட்டா உங்க தராசுக்கு வயித்து வலி வந்துருமா மிஸ்?" என்று கேட்டார்.

தராசுக்கு வராது, எனக்கு வேலை போயிடும் அக்கா என்றேன். அப்படியும் ஒரு வேலையா என்று முகத்தைச் சுளித்துவிட்டு, மாடிப்படியில் பிட்டுத் தின்கிற யாழ்ப்பாணத்து மிஸ்ஸை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நான் பிட்டுப் பெட்டியைத் திறந்தால் மேலே கீழே போகிறவர்கள் எல்லாம் நின்று, இன்றைக்கு என்ன கறி என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள்.

வீடு வீடாக நிறுத்துக்கொண்டு வந்தேன். முதல் வீட்டில் கோழி. அடுத்த வீட்டிலும் கோழி. அதற்கடுத்த வீட்டில் கோழியோடு முட்டையும். என் தரவுகளைப் பார்த்த டொக்டர், இவர்கள் எங்களை விட நன்றாகச் சாப்பிடுகிறார்களே என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரவு வீட்டுக்கு வந்து கீரையும் சோறும் போட்டபோது கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாங்களும் கொட்டாஞ்சேனையில ஒரு வீடு பாப்பமே என்றார். வயிற்றெரிச்சலில் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கீரையைப் போட்டேன்.

நடையின் கடைசிக் கதவு ஓர் இளம் பெண்ணின் வீடு. இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். கணவன் கொன்டெய்னர் யார்டில் சாமான் இறக்குகிறவன். வேலை இருந்தால் போவான், இல்லாவிட்டால் யார்ட் வாசல் வரை போய்விட்டுத் திரும்புவான். அவள் அதிகம் கதைக்க மாட்டாள், ஆனால் சிரிப்பு வந்தால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். ஆய்வின் முதல் கட்டத்தில் கர்ப்பிணிகளின் மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவால் அளப்போம், விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தமும் எடுப்போம். அவளுடைய கையை அளந்தபோது நான் பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் அளந்தேன். பிழை இல்லை, அவ்வளவு மெலிந்த கை. இரத்தமும் மிகவும் குறைவாக இருந்தது. இந்த வீட்டுக்குப் பொதி நிச்சயம் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். நாடாவும் இரத்தமும் சாட்சியாக நிற்கும்போது தராசு என்ன வேறா சொல்லப்போகிறது?

தராசு வேறுதான் சொன்னது. அவள் வீட்டுக்கு நான் சொல்லிவைத்த நாளில் போனால், கோழிக்கறி, அவித்த முட்டை, பருப்பு, கங்குன் கீரை வறை, வெட்டி அடுக்கிய பப்பாசி. அவள் தராசுப் பக்கமே பார்க்காமல், படம் எடுக்க உட்கார்ந்தவளைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். நான் பதிந்துகொண்டிருந்தபோது சின்ன மகள் கோழித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தாயிடம் கேட்டாள்.

"இன்னைக்கு நம்ம வீட்டுக்கு யாரு வர்றாங்க?"

மிஸ் வந்திருக்காங்கல்ல, சாப்பிடு என்று தாய் அவளுடைய வாயை அடைத்தாள். எனக்கு ஏதோ உறுத்தியது. மிச்சக் கறியை நிறுக்க எழுந்து சட்டியின் மூடியைத் தூக்கினேன். மூடியின் பிடி எப்போதோ உடைந்து போயிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தையல் நூல் தீர்ந்த ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்திருந்தது. அந்த நூல் கட்டையை எனக்குத் தெரியும். முதல் வீட்டிலும் அதைப் பிடித்துத்தான் மூடியைத் தூக்கினேன். முட்டை வீட்டிலும் அதுவேதான். அந்த மாடியில் நூல் கட்டைக்குப் பஞ்சமில்லாத வீடு ஒன்றே ஒன்றுதான்.

நான் அங்கே போய்க் கேட்டதும் மேயர் தையல் மெஷினை நிறுத்தி, வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் குண்டூசி இல்லாமல் கதைத்து நான் கண்டது அன்றுதான் முதல் தடவை. வெட்கமோ பயமோ கொஞ்சமும் இல்லை. எல்லோரும் சேர்ந்துதான் கோழி வாங்குகிறார்களாம். அவருடைய சட்டி பெரிது என்பதால் சமையல் அவர் வீட்டில். யார் வீட்டில் நிறுக்கிற நாளோ அந்த வீட்டுக்கு விடிய முதலே சட்டி போய் அடுப்பில் ஏறிவிடும். முட்டை, பப்பாசி எல்லாம் மற்ற வீடுகளின் உபயம்.

"உங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தா வெறும் பருப்பையா வெப்பீங்க?" என்று என்னையே கேட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் முன்கூட்டியே ஆள் அனுப்பி, நாள் குறித்து, சம்மதம் வாங்கி, தோளில் பையோடு காலையிலேயே வந்து உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வேறெப்படி வருவார்கள்? அந்த நடையில் உள்ள பெண்கள் எங்களை எப்படி வரவேற்க வேண்டுமோ அப்படி வரவேற்றார்கள். மாதக்கணக்காக மண்டையை உடைத்து அந்த ஆய்வைத் திட்டமிட்ட படித்தவர்களில் ஒருவருக்கும், நான் உட்பட, இது தோன்றவில்லை. ஒரே சட்டிக் கோழியைப் பல வீட்டுக் கோழியாக நிறுத்துக் கணக்கெழுதிய பெருமை எனக்கே சேரும். பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்து, பக்கத்து சீட்டுக்காரி எழும்பி வேறு இடம் பார்க்கும்படி ஆயிற்று. வீட்டில் சொன்னேன், கணவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் அலுவலகத்தில் சிரிப்பு நின்றது. மூன்றாம் மாடி முழுவதும் சாப்பாடு போதுமான வீடுகள் என்று முடிவாகியிருந்தது. கடைசிக் கதவும் அதில் சேர்த்திதான். நான் டொக்டரிடம் சட்டிக் கதையைச் சொன்னேன். முதலில் அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் கதையை நம்பி நிறுவையைத் தூக்கி எறிய முடியாது என்றார். இன்றைக்கு நீ ஒரு மூடியைக் கண்டேன் என்று சொல்வாய், நாளைக்கு இன்னொருத்தி தனக்குப் பிடித்த வீட்டுக்காக வேறொன்றைக் காண்பாள், பிறகு தராசு எதற்கு என்று கேட்டார். அந்தக் கை, அந்த இரத்தம் என்று நான் குரலை உயர்த்தினேன். இரத்தம் குறைய ஆயிரம் காரணம் இருக்கலாம், பொதி சாப்பாடு போதாத வீட்டுக்குத்தான் என்று அவரும் குரலை உயர்த்தினார். கடைசியில் ஒரு வழி மட்டும் விட்டார். நிறுத்த நாளில் சாப்பிட்டது எங்கள் வழக்கமான சாப்பாடு இல்லை என்று அந்த வீட்டுப் பெண்ணே தன் வாயால் சொன்னால், சொல்லாமல் கொள்ளாமல் போய் இன்னொரு தடவை நிறுக்கலாம். நான் சொன்னாலும் செல்லாது, அயலவர் சொன்னாலும் செல்லாது. அதுவும் அந்த வாரம் முடிவதற்குள் நடக்க வேண்டும்.

சுலபமான காரியம் என்று நினைத்து அன்று பின்னேரமே கடைசிக் கதவுக்குப் போனேன். கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசைகள் யன்னல் ஓரத்தில் கிடந்தன. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று விட்டுவிட்டாளாம். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வசனம் சொன்னால் போதும், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை முட்டையும் பால்மாவும் வரும் என்றேன். அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையை ஆட்டி முடியாது என்றாள்.

"நான் சொன்னா எல்லாருமே பொய் சொன்னதா ஆயிரும் மிஸ். எனக்காகத்தானே கோழி வாங்கினாங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. என் கோபம் எப்போதும் தவறான ஆளிடம்தான் போய் நிற்கும்.

"உமக்குச் சோறு முக்கியமோ, மரியாதை முக்கியமோ?" என்று கேட்டேன்.

"பொதி ஒரு வருசத்துக்கு வரும் மிஸ். இவங்க கூட நான் சாகுற வரைக்கும் இருக்கணும்."

நான் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். எங்கள் ஒழுங்கையில் யாராவது எனக்காகக் கோழி வாங்கித் தந்திருக்கிறார்களா? தந்திருந்தால் நான் எந்த அலுவலகத்துக்காக அவர்களைக் காட்டிக்கொடுப்பேன்? பஸ் வெள்ளவத்தைக்கு வந்து சேரும் வரை அவள் மேல் கோபம், மேயர் மேல் கோபம், டொக்டர் மேல் கோபம், ஒரு பாவமும் அறியாத அந்தக் கோழி மேலும் கோபம். இறங்கிய பிறகு யோசித்தால், அவர்களில் ஒருவர் மேலும் பிழை இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாரத்தின் கடைசி வேலை நாள் காலை, தராசைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பவும் போனேன். இன்னொரு தடவை தனியாகக் கதைத்துப் பார்க்கலாம், காலில் விழ வேண்டுமென்றாலும் விழலாம் என்ற எண்ணம். ஆனால் நான் போனது குழாயில் தண்ணீர் வருகிற நேரம். நடை முழுக்க வாளிகளும் பெண்களும். கடைசிக் கதவுக்காரி வரிசையில் நின்றாள். மேயர் குழாயடியில் அதிகாரம் செலுத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், நிறுக்கிறது எல்லாம் முடிஞ்சுதே மிஸ், இன்னும் யாரைப் பாக்க வந்தீங்க என்று நடை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கடைசிக் கதவுக்காரியைப் பார்த்தேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"மிஸ், அன்னைக்கு நான் சாப்பிட்டது எங்க வீட்டுச் சாப்பாடு இல்ல."

என்னிடம் சொல்லிவிட்டு, உடனே மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"யாரும் கோவிச்சுக்காதீங்க. நேத்து கிளினிக்கில புள்ள வளரலன்னு சொன்னாங்க."

குழாயடியில் வாளி நிறைந்து தண்ணீர் நடையில் ஓடியது. மேயர்தான் குனிந்து குழாயைப் பூட்டினார். சண்டை வெடிக்கப் போகிறது, நான்தான் மூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். மேயர் அவளுக்குக் கிட்டப் போய் நின்று, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பிளேன்டீ என்றாள். நேற்று இரவு என்று கேட்டதற்கு, புள்ளைங்க சாப்பிட்டாங்க என்றாள்.

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க வீட்லயும் அடுப்பு எரியலையே அக்கா."

மேயர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றினார், திரும்பக் கழற்றினார். பிறகு என்னைப் பார்க்காமல், அவருக்குப் பழக்கமே இல்லாத சின்னக் குரலில் சொன்னார்.

"என் வீட்டையும் திரும்ப நிறுங்க மிஸ். அந்தச் சட்டி வெளிய போன நாளெல்லாம் எங்க வீட்ல வெறும் பாண் துண்டுதான்."

அதன் பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதவைக் காட்டினார்கள். ஒருத்தி வகுப்பில் கையை உயர்த்துவது போல வாளியோடு கையை உயர்த்தினாள். அதைப் பார்த்து யாரோ சிரிக்க, நடை முழுக்கச் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. நான் உடனே மாடிப்படிக்குப் போய் டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன். ஒரு வீட்டுக்காரி சொன்னாளா என்று கேட்டார். எல்லா வீட்டுக்காரிகளும் சொல்கிறார்கள் என்றேன். எத்தனை வீடு என்று மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய், போய் நிறு என்றார். இன்னும் ஆட்களை அனுப்பிவைப்பதாகவும் சொன்னார்.

நான் கடைசிக் கதவிலிருந்து தொடங்கினேன். மத்தியானம் அவள் சோறும், தண்ணீராக ஓடுகிற பருப்பும், ஒரு பிடி வல்லாரைச் சம்பலும் செய்தாள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் முதலில் போட்டாள். கணவனின் பங்கைத் தனியாக எடுத்து மூடி வைத்தாள். பானையில் மிஞ்சியதைச் சுரண்டித் தன் தட்டில் போட்டு என்னிடம் நீட்டினாள். நான் அதைத் தராசில் வைத்தேன். அவள் குனிந்து, தராசின் சின்னக் கண்ணாடியில் விழுந்த இலக்கத்தை உற்றுப் பார்த்தாள். அது ஓடி ஓடி ஓர் இடத்தில் நிற்கும் வரை மூச்சுக்கூட விடவில்லை.

"குறைவா இருக்கா மிஸ்?"

"ஓம்."

"பொதி கிடைக்கிற அளவுக்குக் குறைவா?"

"ஓம், தங்கச்சி. பொதி கிடைக்கக் காணும்."

அவள் வாயைப் பொத்தாமல் சிரித்தாள். வாசலுக்கு ஓடிப் போய், அக்கா, எனக்குக் கிடைச்சிரும் என்று மேயர் வீட்டுப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள். நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதேன். எத்தனையோ வீடுகளில் நிறுத்திருக்கிறேன், தன் தட்டில் சோறு போதாது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரு தாயை அன்றுதான் கண்டேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, தராசிலிருந்து தட்டைத் தானே எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.